எரியாத விளக்குக்கு அஞ்சுபவர்

கார் மீட்டர் போர்டின் பின்புறத்திலிருந்து பழைய பல்பைத் திருகிக் கழற்றும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். கழற்றியதைத் துணியில் வைத்துவிட்டு, அதே குழியில் அரிசியளவு எல்இடியைப் பொருத்துவார். பதினொன்றையும் பொருத்திய பின் சாவியை ஒரு படி மட்டும் திருப்புவார். இன்ஜின் ஓடக் கூடாது. பேட்டரி, ஆயில், கைப்பிரேக் என்று சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும்.

கார் எலக்ட்ரீஷியன் வேலையில் பதினெட்டு ஆண்டுகள். வயர் பொசுங்கும் நாற்றமோ, கைமேல் தெறிக்கும் பொறியோ அவரை அசைத்ததில்லை. "எரியிற லைட்டுக்கு நான் பயப்பட மாட்டேன். எரியாததுக்குத்தான் பயம்" என்பார். பழைய பல்பை எப்படிச் செருகினாலும் எரியும். எல்இடிக்குத் திசை உண்டு. மாற்றிப் பொருத்தினால் இருண்டே கிடக்கும். எச்சரிக்கை விளக்கு இருண்டிருந்தால், ஓட்டுகிறவர் எல்லாம் நலம் என்றுதான் நினைப்பார். இந்த நினைப்பு அவரை விடாது. வீட்டிலும் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு அடுப்புக் குமிழைப் பார்க்க எழுந்து போவார். "அடுப்புக்கும் ஒரு செவப்பு லைட்டு வெச்சுருங்க, நானாவது நிம்மதியாச் சாப்பிடுறேன்" என்பது மனைவியின் நிரந்தர மனு.

சென்ற வியாழன் முற்பகல் ஒரு நர்ஸ் வந்தார். தாயாரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் நான்கு மணி நேரம் போக வேண்டும். மீட்டர் மங்கலாக இருக்கிறது, வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்றார். வேலை முடிந்து மீட்டரை மாட்டிய கையோடு, தாயாருக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று நர்ஸ் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். எண்கள் பளிச்சென்று தெரிந்தன. சிவப்பு ஏதுமில்லை. தலையசைத்தார், கார் போய்விட்டது.

அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டு முகர்ந்தார்: இன்ஜின் ஆயில். அப்போதுதான் உறைத்தது. ஓடும் இன்ஜினில் ஆயில் விளக்கு அணைந்திருப்பதே முறை. அணைந்திருந்ததைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, அது எரியக்கூடியதுதானா என்று பார்க்கவே இல்லை. ஆயில் வற்றி, விளக்கும் வாய் திறக்காவிட்டால், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இறுகும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாய்க் கனக்கும்.

பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் மைத்துனர் சிரித்தார். "ரெண்டு சொட்டு எண்ணெய்க்கு ஏன் மாமா இந்த எழவு வீட்டு மூஞ்சி?"

எலக்ட்ரீஷியன் கைபேசியை எடுத்தார். ஏழு முறை நர்ஸுக்கு அழைத்தார். ஏழு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸே கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது போனை எடுப்பதில்லையாம். இப்போது மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நிற்கிறார்களாம்.

"சிஸ்டர், இன்ஜின நிறுத்திட்டு, சாவிய ஒரு படி மட்டும் திருப்புங்க. செவப்பா என்னென்ன எரியுது?"

"பேட்டரி... கைப்பிரேக்கு..."

"எண்ணெய்க் குடுவை மாதிரி ஒண்ணு?"

"அப்படி எதுவும் இல்லையேண்ணே."

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. நான் வரேன்."

மைத்துனரின் பைக்கில் விரைந்து போய்ச் சேர்ந்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் பிசுபிசுப்பு. பங்க் அருகில் இருந்த மெக்கானிக், அடியில் தளர்ந்திருந்த போல்ட்டை இறுக்கி ஆயில் நிரப்பினார். இவர் மீட்டரைக் கழற்றி, திசை மாறிக் கிடந்த எல்இடியைத் திருப்பிப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் குடுவை சிவந்தது. இன்ஜின் ஓடியதும் அணைந்தது. வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் கால் மணி நேரமாகியும் ஒரு பொட்டு விழவில்லை.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. பொழுதோட மேல போய்ச் சேரணும், சாவி குடுங்கண்ணே" என்று நர்ஸ் கை நீட்டினார்.

"இந்தாங்க சிஸ்டர்" என்று அவரும் நீட்டினார். சாவியை மூடிய விரல்கள் மட்டும் பிரியவில்லை; கண் இருண்டு கிடந்த மீட்டரிலேயே இருந்தது.