பெட்டி நலம்

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆன பிறகும் நான் அவர் பெயரில் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். யாரையும் கெடுக்கிற பொய் இல்லை. "சென்று பார்த்தேன். பெட்டி நலம்" என்று ஒரு வரி. அதையும் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க எழுதினேன்.

எந்தப் பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஜியோகேச்சிங் பைத்தியம். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், டப்பாவுக்குள் இருக்கிற சின்ன நோட்டில் பெயரெழுதிவிட்டு, அதே இடத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். உள்ளே சில்லறைச் சாமான்கள் கிடக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். புதையலும் கிடையாது, பரிசும் கிடையாது. முதன்முதலில் விஷயத்தைச் சொன்னபோது, "வேல வெட்டி இல்லாதவங்க செய்யறதா இது?" என்று கேட்டேன். "ஆமா," என்றார் சந்தோஷமாக.

அவருக்கு வேலை இருந்தது. செனாய் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் நாள் முழுக்கப் படிவம் நிரப்புவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஒரு தடவை கூடப் போனதில்லை. கொசுக்கடிக்கு நான் எதற்கு என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் காஹாங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் அவரே ஒரு பெட்டி வைத்தார். என் பழைய சாப்பாட்டு டப்பா, நீல மூடி. என்னைக் கேட்காமல் எடுத்துப் போனதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இந்த விளையாட்டுக்கு விதிகள் உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். வைத்தவர்தான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேடிப் போனவர்கள் கிடைக்கவில்லை என்று வரிசையாக எழுதினால், இணையதளத்தின் தன்னார்வலர் ஒருவர் வந்து கேட்பார். பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். மூடினால் மூடியதுதான், திரும்பத் திறக்க மாட்டார்கள்.

அவர் கைப்பேசியை நான் அணைக்கவில்லை. சமையலறையில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வங்கியும் கடைகளும் அனுப்பும் குப்பைகளுக்கு நடுவே, எப்போதாவது அந்த இணையதளத்திலிருந்து ஒரு செய்தி வரும். 'வணக்கம், உங்கள் பெட்டியைத் தேடினோம், கிடைக்கவில்லை, ஒரு குறிப்புக் கொடுக்க முடியுமா?' சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி அப்படிக் கேட்டிருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்து அவரிடம் ஒன்று கேட்கிற ஆட்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். அவர் எழுதுகிற மாதிரியே, தேவையில்லாத மரியாதையோடு. 'மூன்றாவது வரிசை, சாய்ந்த மரத்தின் அடியில் பாருங்கள் ஐயா.' பழைய குறிப்பைப் பார்த்து எழுதியதுதான்.

துக்கம் என்று பெரிதாக ஒன்றும் எனக்கு வரவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுத்தோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறு வாரமே தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தாளில் 'சரி' போடுகிற பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அப்படிப்பட்டவள்தான் வீட்டுக்கு வந்து 'பெட்டி நலம்' என்று எழுதினேன். உடம்புக்குள் யாரோ ஊசி போட்டு மரத்துப்போக வைத்த மாதிரி இருந்தது, அந்த எட்டு மாதமும். பசி எடுத்தது, தூக்கம் வந்தது, பல் தேய்த்தேன்.

தீபாவளி கழிந்து தன்னார்வலர் எழுதினார். இரண்டு தடவை நலம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த இடம் இப்போது நுழையத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும் ஒருவர் சொல்கிறார். தோட்டத்தின் அனுமதியும், பெட்டி இருக்கிற இடத்தில் எடுத்த ஒரு படமும் வேண்டும். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் பக்கத்தை மூடிவிடுவேன்.

சிங்கப்பூரில் வேலை செய்கிற என் மகளிடம் சொன்னேன். "மூடட்டும்மா. எதுக்கு அத இழுத்துகிட்டு இருக்கீங்க?" என்றாள். அவள் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்காகவே அவள்மேல் கோபம் வந்தது. அவருடைய வங்கிக் கணக்கை மூடியாயிற்று, கார் சாலை வரியை என் பெயருக்கு மாற்றியாயிற்று, ஒவ்வொரு கவுண்டரிலும் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டியாயிற்று. இந்த ஒரு இடத்தில்தான் இன்னும் யாரும் அதைக் கேட்கவில்லை. இதையும் மூடிவிட்டால் அவர் எங்கேயும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குளுவாங்கில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, அதைப் பிரிக்காமலே காஹாங் தாண்டிப் போனேன். தோட்டத்துச் சாலையில் சங்கிலி போட்ட கேட். நுழையக் கூடாது என்று மலாயில் சிவப்பு எழுத்துப் பலகை. காவலுக்கு இருந்த ஜாகா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழாமலே, "தாக் போலே மாசோக், கக்," உள்ளே போகக் கூடாது அக்கா என்று கை ஆட்டினான். நான் உள்ளே விடச் சொல்லி வாதாடினேன். அவன் அலுத்துப்போய் யாருக்கோ போன் போட்டான்.

பத்து நிமிஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிளில், தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை பூட்ஸ், நெற்றியில் திருநீறு.

"என்னம்மா, யாரத் தேடி வந்தீங்க?"

"ஆள் இல்லண்ணே. ஒரு டப்பா. எங்க வீட்டுக்காரரு ரொம்ப வருஷத்துக்கு முன்னால இங்க ஒரு மரத்தடியில வச்சாரு."

"டப்பாவா?"

அவர் கைப்பேசியில் பெட்டியின் பழைய படத்தைக் காட்டினேன். நீல மூடி, உள்ளே ஒரு நோட்டு, ஒரு சின்னப் பொம்மை, ஊக்குகள், சட்டைப் பொத்தான், வெளிநாட்டுக் காசு. மண்டோர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அலமாக்! இது... இது உங்களுதாம்மா?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. பழைய மரங்களை வெட்டிவிட்டு மறு நடவு செய்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மெஷின் அந்தச் சாய்ந்த மரத்தைத் தள்ளியபோது டப்பா வெளியே வந்திருக்கிறது. தொழிலாளிகள் திறந்து பார்த்தார்கள். பொம்மை, ஊக்கு, காசு. ஒரு நோட்டில் விதவிதமான கையெழுத்தில் புரியாத பெயர்கள். முதல் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரு ஆளின் பெயர், தகப்பன் பெயரோடு முழுசாக. இந்த விளையாட்டில் எல்லோரும் புனைபெயர்தான் வைத்துக்கொள்வார்கள். படிவம் நிரப்பிப் பழகிய மனுஷர், இதிலும் முழுப் பெயரை எழுதித் தொலைத்திருக்கிறார்.

"செய்வினன்னு நெனச்சிட்டோம்மா. யாரோ ஒருத்தருக்கு வச்சிட்டாங்கன்னு. பின்ன என்னா நெனப்போம் சொல்லுங்க? ஒருத்தனும் வேல செய்ய மாட்டேன்னுட்டான் லா. முனியாண்டி கோயில் பூசாரிகிட்ட கொண்டு போனோம்."

"தூக்கிப் போட்டுட்டாரா?"

"அப்படிலாம் போட முடியாதும்மா. பேரு இருக்கில்ல? பூசாரி பூச வச்சாரு. எலுமிச்சங்கா வெட்டி, கட்டு எல்லாம் அறுந்து போகட்டும், இந்த ஆளு நல்லா இருக்கணும், நோய் நொடி இல்லாம எழுந்து நடக்கணும்னு பேரச் சொல்லிச் சொல்லி வேண்டிட்டு எரிச்சாரு. நாங்க பத்துப் பேரு சுத்தி நின்னு கும்பிட்டோம். யாரு பெத்த புள்ளயோன்னு இருந்துச்சு."

கையிலிருந்த கைப்பேசியில் அவர் எழுதிய கடைசிக் குறிப்பைத் தேடினேன். பொய் எழுதுவதற்கு நான் அதைத்தான் பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்தேன். 'சென்று பார்த்தேன். பெட்டி நலம்.' தைப்பூசம் முடிந்து மூன்று வாரத்தில் எழுதியது. அப்போது அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன். கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னாங்க பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "ஆபீஸ் வேல," என்றார். அந்த நாளில் பெட்டியே இல்லை. எரிந்து சாம்பலாகி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அடப்பாவி மனுஷா! நீங்களும் பொய்தானா? எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எட்டு மாதத்தில் அவர்மேல் வந்த முதல் கோபம்.

மண்டோர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு செய்துவிட்டோமோ என்கிற பயம் அவர் கண்ணில் தெரிந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு விஷயம் கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"அந்தப் பேரு உங்க வீட்டுக்காரரு பேரா?"

"ஆமா."

"நல்லாருக்காராம்மா?"

கவுண்டர்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷர் நெஞ்சில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"நல்லாருக்காருண்ணே," என்றேன்.

"நடக்குறாரா?"

"நடக்குறாரு. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. சக்கர வியாதி இருக்கு, தே தாரேக் டீக்கு மட்டும் ஓடிருவாரு. ராத்திரி சோறு வேணாம், ரொட்டி குடுன்னு சொல்லிட்டு அப்புறம் பானையத் தெறந்து பாப்பாரு. இன்னிக்கு வந்திருப்பாரு. நான்தான் வெயில்ல வேணாம், நான் போய்ப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

எங்கிருந்து வந்தது அத்தனையும் என்று தெரியவில்லை. நிறுத்த முடியவில்லை. அவருடைய முழங்கால் வலியைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன், குறட்டையைச் சொன்னேன். எட்டு மாதம் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. சொல்லச் சொல்ல வலித்தது, அப்படி வலித்தது. வலித்தாலும் வாய் பேசிக்கொண்டே இருந்தது.

மண்டோர் முகம் மலர்ந்துபோயிற்று. ஜாகாவிடம் திரும்பி மலாயில், "அன்னிக்குப் பூச வச்சோம்ல, அந்த ஆளு நல்லாருக்காரு," என்று சொன்னார். அவனும் எழுந்து நின்று தலையாட்டினான். அப்புறம் என்னைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினார். சிவப்பு மண், முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள். ஜிபிஎஸ் எண்கள் மிகச் சரியாக ஒரு வாய்க்கால் ஓரத்தைக் காட்டின. படம் எடுக்கிற அளவுக்கு அங்கே எதுவும் இல்லை.

"அடுத்த மாசம் கோயில் திருவிழாம்மா. அவரக் கூட்டிட்டு வாங்க. பூசாரி பாத்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு தெரியுமா? எங்க ஆளுங்க எல்லாரும் பாக்கணும்ல."

"கூட்டிட்டு வரேண்ணே," என்றேன்.

காஹாங் டவுனில் ஒரு கடையோரம் காரை நிறுத்தி நாசி லெமாக்கைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. கை கழுவிவிட்டு அவர் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வைத்தவரே விரும்பினால் பக்கத்தை மூடலாம், தன்னார்வலர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவும் விதிதான். காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. 'இதை வைத்தவர் சித்திரை மாதம் இறந்துவிட்டார். பெட்டியும் இல்லை. அதன் பிறகு எழுதியதெல்லாம் அவர் மனைவி. யாரும் தேட வேண்டாம்' என்று எழுதினேன். மூடினால் திரும்பத் திறக்க முடியாது, உறுதியா என்று கேட்டது. அமுக்கினேன்.

காலையில் கிளம்பும்போது அந்தப் பக்கத்துக்காக யாரோடும் சண்டை போடத் தயாராக இருந்தவள், மத்தியானம் என் கையாலேயே மூடினேன். இனி அது எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு தோட்டத்தில் பத்துப் பேருக்கு என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறார். திருவிழாவுக்கு என்னால் போக முடியாது. இனி அந்தச் சாலைப் பக்கமே போக முடியாது. போனால் மண்டோர் என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.