பாதி ஜிப்சம்

எண்ணூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கழிவு அமிலத்தில் சுண்ணாம்பு கலந்து அதன் அமிலத்தன்மையைப் போக்கிய பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும். சோதித்துப் பார்த்து, விடலாம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் கழிமுகத்தில்தான் என் கொழுந்தன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறான்.

நான் உண்டானதும், தொட்டிகளைக் கவனிக்கும் ஆபரேட்டர் அண்ணன் என்னை இரும்பு ஏணியில் ஏறவே விடவில்லை. "வவுத்துப் புள்ளயோட இன்னாத்துக்குமா ஏறிகினு? குந்து, நான் எட்தாறேன்" என்று தினமும் பாட்டிலில் மாதிரித் தண்ணீரைக் கொண்டுவந்து தருவார். கூடவே உப்பு, மிளகாய் தடவிய மாங்காய்த் துண்டு. கூடப் பிறந்தவன்கூட என்னை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

ஐந்தாம் மாதம் கொழுந்தன் காலெல்லாம் புண்ணோடு வந்து நின்றான். "உன் கம்பெனி தண்ணியா அண்ணி இது?"

"எங்க தண்ணி சுத்தம்டா. நானே டெஸ்ட் பண்றேன்" என்று அடித்துச் சொன்னேன்.

ஏழாம் மாதம், விடுப்பில் போகும் முன் கணக்குகளை ஒப்படைக்க உட்கார்ந்தேன். சமன்பாடு எளிமையானது. 98 கிலோ கந்தக அமிலத்தோடு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு சேர்ந்தால் 172 கிலோ ஜிப்சம். தொட்டிகளுக்கு வந்த அமிலத்தின் அளவு கையில் இருந்தது. எவ்வளவு ஜிப்சம் வந்திருக்க வேண்டும் என்று போட்டேன். தொட்டியடியில் படியும் ஜிப்சத்தை அள்ளிப் போகும் லாரிகளின் எடைச் சீட்டுகளில், ஈரத்தைக் கழித்தால், அதில் பாதிதான் இருந்தது.

என் கணக்கில்தான் கோளாறு என்று மூன்று முறை போட்டேன். ஆபரேட்டர் அண்ணனைச் சந்தேகப்பட மனசு வரவில்லை, அத்தனை முட்டாளாக இருந்தேன். பாதி அமிலம் சுண்ணாம்பையே பார்க்காமல் வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. எனக்கு வந்த பாட்டில்கள் எல்லாம் ஒழுங்காகக் கலந்த தொட்டியிலிருந்து மட்டும்.

தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"சுண்ணாம்பு மூட்ட தூக்கித் தூக்கி முதுவு போச்சு, முடில. இப்ப இன்னான்ற? டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டது நீ. நான் பாட்டில் எட்தாந்தவன், அவ்ளோதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை கரிசனமும் என்னை ஏணிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளத்தானா? வாயில் வந்தபடி திட்டிவிட்டு, தாளை மேலாளர் மேஜையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடமும் சொன்னேன். காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"நீ சொன்னியேன்னுதான அண்ணி திரும்ப எறங்கினேன்."