கண்ணாடி மாட்டாத முதல் காலை

குன்னூரில் கண்ணாடி போடுகிறவனின் கைக்குட்டைக்கு ஓய்வில்லை. டீக்கடைக்குள் நுழைந்தால் ஆவி, வெளியே வந்தால் மூடுபனி. பள்ளி நாளிலிருந்து துடைத்துத் துடைத்து அலுத்துப்போய்த்தான் கோவைக்கு இறங்கி லேசர் செய்துகொண்டேன்.

சொட்டு மருந்து விட்டதும் கண் மரத்தது. இமைகளை ஒரு சின்னக் கம்பி விரித்துப் பிடித்தது. வலியில்லை, அழுத்தம் மட்டும். சில நொடிகள் எல்லாம் இருண்டன. பிறகு ஒரு பச்சைப் புள்ளி. அதையே பார்க்கச் சொன்னார் டாக்டர். முடி கருகுவது போல ஒரு வாடை. எழுந்தபோது சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது, பாலுக்கு அடியில் கிடப்பதுபோல.

இரவு வரை எரிச்சலும் கண்ணீரும். மறுநாள் பரிசோதனையில் எழுத்துகளைத் தடங்கலின்றி வாசித்தேன். கண்ணைத் தேய்க்கக் கூடாது, புகை ஆகாது, தூங்கும்போது ஒளி புகும் பிளாஸ்டிக் மூடிகளைக் கண்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். திடீரென்று பார்வை குறைந்தால் உடனே வர வேண்டும்.

ஊர் திரும்பியதும் என் மனைவி கரி அடுப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். குளிரில் தலையோடு போர்த்தித் தூங்கினேன். விழித்தால் எங்கும் வெள்ளை.

"மிஸ்ட் ஊட்டுக்குள்ளயே வந்துருச்சா?"

"எங்கீங்க மிஸ்ட்டு? வெயில் அடிக்குது. துணி காயப்போட்டுட்டு வர்றேன்."

அவள் குரல் வந்த திசையும் வெள்ளையாகத்தான் இருந்தது. நேற்று கிடைத்த பார்வை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"டாக்டருக்கு போன் போடு. ஒண்ணுமே தெரியல."

கை தானாக முகத்துக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு என் முகத்தருகே வந்தது. பிறகு சிரித்தாள்.

"ஏனுங்க, மூடியக் கழட்டாம டாக்டர் என்னத்தைப் பார்ப்பாரு? உள்ள பூராவும் ஆவி."

விழித்ததும் கண்ணாடியைத் தேடி மாட்டுவதுதான் என் பழக்கம். அன்று எதையும் மாட்டவில்லை. அதனால் முகத்தில் ஒன்று இருப்பதே நினைவில்லை.

அவள் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்மலை. இதுவரை அது கண்ணாடியின்றி ஒரு பச்சைக் கறை. இப்போது தேயிலைச் செடிகள் தனித்தனியாக நின்றன. இடையே ஆள் நடக்கும் ஒடுங்கிய தடங்கள். சில்வர் ஓக் மரத்தில் காற்று பட்டு இலைகளின் வெள்ளி அடிப்பக்கம் புரண்டது.

"உனக்கு எப்பவும் இப்பிடித்தான் தெரியுமா?"

"ஆமாங்க. வேற எப்பிடித் தெரியும்?"

அவள் துணி காயப்போடப் போனாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.