சீதன வீட்டில் ஒரு பல்கலைக்கழகத் துறை

பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு துறைக்கு வாடகை இடம் எடுப்பதென்றால் வீட்டைப் பார்ப்பது, பிடித்தால் சாவியை வாங்குவது, அவ்வளவுதான் என்று நினைக்கிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாரி வரைக்கும் நானும் அவர்களில் ஒருத்தி. நான் ஒரு துறையின் முகாமைத்துவ உதவியாளர். அதாவது விரிவுரையாளர்கள் சிந்திப்பார்கள், நான் கடிதம் அடிப்பேன். அரச அலுவலகத்தில் ஒரு கதிரை வாங்குவதற்கு மூன்று விலைமனு கேட்டு அலைந்த சகோதர சகோதரிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் இதெல்லாம் கட்டுக்கதை என்பார்கள்.

போத்தல்களுக்குப் பக்கத்தில்

மாரி மழைக்கு எங்கள் கூரை முதலில் ஒழுகியது, பிறகு விழுந்தது. தலைவர் மேடத்தின் கதிரைக்கு மேலே இருந்த சீலிங் அப்படியே பெயர்ந்து வந்தது. மேடம் அந்த நேரம் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போயிருந்தபடியால் எங்கள் துறைக்கு இன்றைக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். பொறியியலாளர் வந்தார், தலைக்கவசத்தோடு வாசலிலேயே நின்றார், "பாவனைக்கு உகந்ததல்ல" என்று எழுதிவிட்டு ஓடினார்.

கூரையைத் திருத்தி முடிக்க இரண்டு வருடமாவது ஆகும் என்றார்கள். நகரப் பக்கம் ஒரு இடம் வாடகைக்கு எடுக்க நிர்வாகம் அனுமதி தந்தது. ஆனால் புதிய தவணைக்கு முன்பு எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருடம் புதிய பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. நாங்களும் விலங்கியல் துறையின் மாதிரிகள் அறைக்குள் ஒதுங்க வேண்டியதுதான். அந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். எனக்கென்று ஒதுக்கிய மேசைக்கு மேலே, தட்டு முழுக்கப் போத்தல். போத்தல் முழுக்கப் பாம்பு. நான் வாசலுக்கே பின்வாங்கியதைப் பார்த்து அங்கே வேலை செய்யும் தங்கராசா அண்ணன் ஆறுதல் சொன்னார்: "பயப்பிடாதீங்க மிஸ், இதுகள் கடிச்செண்டு இண்டைவரைக்கும் ஒரு முறைப்பாடும் வரல்ல."

அறுவடைக் காலம் நீங்கலாக

பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். இத்தனை சதுர அடி, இத்தனை மலசலகூடம், வாகனம் நிறுத்த இடம், அமைதியான சூழல் என்று குழு உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு நிபந்தனை எழுதியது. கிரானில் இருந்து வயல்காரப் போடியார் ஒருவர் என் தொலைபேசிக்கு எடுத்தார். நாங்கள் கேட்டதைப் போல் மூன்று மடங்கு இடம் இருக்கிறது, ஒரு தூண்கூட இடைஞ்சல் இல்லை என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என்ன கட்டடம் என்று கேட்டேன். நெல் களஞ்சியமாம். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நெல் எப்படி ஐயா என்று இழுத்தேன். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "வட்டைக்குள்ள நெல்லு வெட்டத் தொடங்கினா ஒரு ரெண்டு மாசம் ஒதுங்கி நிக்கச் சொல்லு மகள், மத்தப்படி வருசம் முழுக்கப் படிக்கட்டும்."

மாடியைப் பார்க்கப் போனோம்

இடங்களைப் பார்க்க மூவர் கொண்ட மதிப்பீட்டுக் குழு. மேடம், கணக்காளர், அளவு நாடா பிடிக்க இளம் விரிவுரையாளர் நிமலன் சேர். குறிப்பெடுக்க நான். காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி வாடகைக்கு இருந்தது. படிக்கட்டு கடையின் கடைசியில் இருந்தது. அதாவது கடை முழுவதையும் தாண்டித்தான் மேலே போக வேண்டும். சாறிப் பகுதியில் மேடம் ஒரு நிமிடம் நின்றார். நானும் நின்றேன். கணக்காளர் மனைவிக்குப் போன் எடுத்து நிறம் கேட்கத் தொடங்கினார். நிமலன் சேரின் அளவு நாடா பையை விட்டு வெளியே வரவேயில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து எனக்குத்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது, மெதுவாக ஞாபகப்படுத்தினேன். கடைக்கார ஹாஜியார் இன்னொரு சாறியை உதறி விரித்தபடி சொன்னார்: "மாடிய நாளைக்கும் பாக்கலாம் மேடம், இந்த விலை இண்டைக்கு மட்டும்தான்."

கலியாணம் என்றால் எது?

தவணை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதுதான் ஆரையம்பதியில் அந்த வீடு கிடைத்தது. வாவிக் காற்று வீசும் புது வீடு. கீழ்த்தளம் முழுதாக முடிந்திருந்தது, மேல்மாடி பூசாமல் கிடந்தது. கமலாக்கா தன் ஒரே மகள் யாழினிக்குச் சீதனமாகக் கட்டியது. உறுதிப் பத்திரமும் மகள் பெயரில். தாயும் மகளும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். யாழினி கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிற பிள்ளை, இந்த வீட்டையும் அவள்தான் கீறினாள். நிமலன் சேர் நடு அறையை அளந்து ஒரு கணக்குச் சொன்னார். அவள் பிழை என்றாள். திரும்ப அளந்தார். நாடாவின் மறுமுனையை அவளே பிடித்தாள். அந்த ஒரு அறையை ஐந்து தடவை அளந்தார்கள். மனிசனுக்கு என்ன தொழில் பக்தி என்று நான் குறிப்பில் எழுதாத குறைதான்.

கமலாக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மகளுக்குக் கலியாணம் நடந்தால் ஒரு மாதத்துக்குள் வீட்டை விட வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதானே பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், அவர் எங்கே படுப்பது? நியாயம்தான். ஒப்பந்தத்தில் அது பதினாலாம் பிரிவானது. சட்ட அலுவலர் அந்த வரியை மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "பதிவா, தாலியா, பொண்ணு மாப்பிள்ளைக்குச் சோறு குடுக்கிறதா? எதில இருந்து நோட்டீஸ் கணக்கு?"

வீடு பார்க்க வந்தவர்கள்

குடிபுகுந்தோம், புதிய பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் நிம்மதி இல்லை. யாழினிக்குச் சம்பந்தம் ஏதாவது சரிவந்தால் நாங்கள் தெருவில். கமலாக்கா தரகரோடு பேசுவதைக் கண்டாலே மேடத்துக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

ஒருநாள் குருக்கள்மடத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பார்த்தாயிற்று, இனி வீட்டைப் பார்க்க வேண்டுமே. வான் வண்டியில் வந்த பதினொரு பேரும் வேலை நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். ஒரு மாமா விரிவுரை நடந்த அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். ஒரு மாமி மேடத்தின் அறையில் அலுமாரி எங்கே வைக்கலாம் என்று கையால் அளந்தார். மேடம் மரியாதையாகக் கதிரையைத் தள்ளிக் கொடுத்தார். எல்லாம் சுற்றி வந்து, என் மேசை, நகலெடுக்கும் இயந்திரம், கோப்பு அடுக்கு, அதற்குள் நான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் கேட்டார்: "வீடு நல்லம்தான். இந்த ஆக்களும் வீட்டோடயா?"

நான் சொன்ன பொய்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம். அவர்கள் வண்டியில் ஏறும்போது நான் அந்தத் தாயின் பக்கத்தில் போய், மாரியில் வாவித் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வரும் என்று காதோடு காதாகச் சொன்னேன். வாசலுக்குக்கூட வராது. இரண்டு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்று பதில் வந்தது. துறையில் வடை வாங்கிக் கொண்டாடினார்கள். எனக்கு ஒரு வடைகூட இறங்கவில்லை. பின்வளவுக் குழாயடியில் கமலாக்கா, "என்ட புள்ளைக்கு என்ன குறை, சொல்லுகா?" என்று என்னிடமே கேட்டு அழுதார். எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு கூரைக்காக இன்னொருத்தியின் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

அன்றைக்கே யாழினியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ஏசப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்புத்தான் கேட்டது. "நீங்க தண்ணி வருமெண்டு மட்டும்தானே சொன்னீங்க அக்கா, நான் அந்தப் பொடியனுக்கு நேர போன் எடுத்து முதலையும் வருமெண்டு சொல்லிப்போட்டன்."

பதினாலாம் பிரிவின்படி

ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் நிமலன் சேர் என் மேசைக்கு வந்து இரண்டு கடித உறைகளை வைத்தார். ஒன்றில் கமலாக்கா கையெழுத்துப் போட்ட கடிதம்: மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது, பதினாலாம் பிரிவின்படி கலியாணம் நடந்து ஒரு மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்கவும். மற்றதில் கலியாணக் காட். மணமகள் யாழினி. மணமகனின் பெயரை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன், மணமகன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்ட கூச்சலில் மேடம் ஓடி வந்தார்.

துறைக் கூட்டம் கூடியது. ஒரே தீர்மானத்தில் மணமக்களை வாழ்த்தினோம், எங்களுக்கு அனுதாபம் தெரிவித்தோம். மேடம் கண்ணைத் துடைத்தார். எதற்காக என்று கேட்க எவருக்கும் தைரியம் வரவில்லை. சேர்ந்து ஒரு தவணைகூட முடியாத பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் இருத்துவது என்று நான் கணக்குப் போட்டுப் போட்டு அழித்தேன். கூட்டம் முடிய முன்பே நான் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியதைக் கண்டு யாழினி நேராகக் கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். மேல்மாடியைப் பூசி முடித்தாயிற்றாம், இரண்டு பேருக்கு அது போதுமாம்.

"வீடு என்ட பேரில. விடுறதும் விடாததும் என்ட விருப்பம்" என்றாள், வருங்கால மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். "பின்னேரம் நாலேகாலுக்கு நீங்க எல்லாரும் போனாச் சரி, இவர் மட்டும் நிக்கட்டும்."

ஆகவே வாசகர்களே, வேலைக்கு வரப் பதினெட்டுப் படி மட்டும் இறங்க வேண்டிய ஒரே விரிவுரையாளர் இன்று எங்கள் நிமலன் சேர்தான், ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடைசியாக வந்து சேருபவரும் அவரேதான்.