நல்லா கீது மாப்ளே

அம்பத்தூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, பார்த்த வீட்டிலெல்லாம் "தண்ணி எப்படி?" என்று கேட்டேன். எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் குழாயில் காவேரியே வருவதுபோலச் சொன்னார்கள். கும்பகோணத்திலிருந்து வந்தவளிடம் காவேரியைப் பற்றி அளந்தால் எரிச்சல் வராதா? கள்ளிக்குப்பத்தில் வேம்புலியம்மா ஒருவர்தான், "மஞ்சளா வரும். குளிக்கலாம், குடிக்க முடியாது. மாடி வெயில்ல தகிக்கும். ஆனா வாடகைய கொறைக்க மாட்டேன்" என்றார். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டேன்.

பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை. கணவர் துலுக்கானம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காவலாளி; அதிகம் பேச மாட்டார், அந்த வீட்டில் அதற்கு இடமும் கிடையாது. எங்கள் தெருவுக்குள் வரும் தக்காளிக்காரர் வேம்புலியம்மா வாசலில் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூவுவார். நின்றால் கூடையின் அடியில் கிடக்கும் அழுகல் பழமெல்லாம் மேலே வந்துவிடும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செல்போனில் மலிவு விலையில் வீட்டுச் சாமான் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவேன். வாங்கும்முன் அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படிப்பேன். "பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் சூப்பர்" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். "பொருள் அருமை, கொண்டுவந்த பையன் சிரிக்கவில்லை" என்று இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார். இவர்களை நம்பி என்ன செய்வது? அதனால் எது வந்தாலும் கீழே எடுத்துப் போய் வேம்புலியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பாவைப் பார்த்து, "இத்த இழுத்துக்கினு நிக்கிற நேரத்துல நான் கொழம்பே வெச்சு எறக்கிடுவேன்" என்றார். தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலை மட்டும், "நல்லாத்தான் கீது. வயருதான் குட்டை" என்று ஏற்றுக்கொண்டார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஓர் ஆளுக்கு முன்னால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அது அவருடைய மாப்பிள்ளை ஜீவா.

ஜீவா ஆவடிக்காரன். குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பூந்தமல்லி, மாங்காடு என்று தெருத்தெருவாக மலிவு விலை மின்சாமான்கள் விற்கிறவன். தங்கமான பையன். மகள் மதிவதனியை அவன் தாங்கு தாங்கென்று தாங்குவதைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும். புதிதாக எந்தச் சரக்கு வந்தாலும் முதல் பெட்டியை மாமியாருக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அடுத்த முறை வரும்போது, "அந்த மிஷினு எப்டி கீது அத்தே?" என்று கேட்பான். வேம்புலியம்மா கதவோரமாக ஒதுங்கி, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, "நல்லா கீது மாப்ளே" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் யாரோ விருந்தாளிப் பெண் வந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஒட்டடை அடிக்க நானும் உதவிக்குப் போனேன். பரணில் ஏறிப் பார்த்தால் அவ்வளவும் ஜீவா கொண்டுவந்தவை. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கீழே நின்று வாங்கி வைத்தபடியே வேம்புலியம்மா பொரிந்து தள்ளினார்.

"இதுவா? சப்பாத்தி போடுற மிஷினாம். ஓரத்துல அப்பளம், நடுவுல பச்ச மாவு. ஒரே சுடுல ரெண்டும் வரும்."

"இந்தத் தூசி உறிஞ்சுறது?"

"அது எங்க உறிஞ்சுது? ஊதுது. ஒரு மூலைல கீற குப்பைய ஊடு பூரா பிரிச்சுக் குடுக்குது."

"முட்டை அவிக்கிறது?"

"வெந்துச்சுன்னா கூவும், சரி. நிறுத்தவே மாட்டேன்னுது. தெருவுல போறவன் ஆம்புலன்சுன்னு ஒதுங்குறான்."

எனக்குச் சிரித்துச் சிரித்து ஏணியே ஆடியது. "இதையெல்லாம் ஜீவாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"இன்னா பேசற நீ? மாப்ளே ஆசையா கொண்ணாந்தது. அதுக்கு நொட்டை சொன்னா அந்தப் புள்ள மூஞ்சி இன்னா ஆவும்? நம்ம பொண்ணு அந்த ஊட்ல வாழணும்ல?" என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் துடைத்து மறுபடி மேலே ஏற்றச் சொன்னார். அன்பளிப்பு பரணில் கிடப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மதிவதனி தனியாக வந்தாள். முகமே சரியில்லை. நான் அப்போது கீழேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"யாவாரம் படுத்துருச்சும்மா. எந்தத் தெருவுல நொழைஞ்சாலும் முன்னாடி வாங்குனவங்க சாமானைத் தூக்கிக்கினு வந்து நிக்கிறாங்க" என்றாள். "இப்ப வண்டிய வித்துட்டு குத்தம்பாக்கம் பக்கம் கடை போடறேன்றாரு. தீபாவளிக்கு அந்தக் குட்டி கிரைண்டரை மட்டும் மொத்தமா எடுத்து ரொப்பப் போறாராம். பூந்தமல்லில ஒருத்தரு வண்டிய பாத்துட்டாரு, திங்கக்கெழம அட்வான்ஸ் வாங்குறாரு."

"எந்த கிரைண்டரு? எனக்குக் குடுத்துச்சே, அதுவா?" வேம்புலியம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"அதான். நீ ஷோக்கா கீதுன்னியாமே? அவரு ஆர்டர் போடறதே நீ சொல்றத கேட்டுத்தாம்மா. 'உலகமே பொய் சொல்லும் மதி, உங்கம்மா வாய் பொய் சொல்லாது'ன்றாரு."

அந்த கிரைண்டரின் லட்சணம் எனக்குத் தெரியும். ஓடவிட்டால் ஆடிக்கொண்டே போய் மேடையிலிருந்து குதிக்கும் என்பதால் துலுக்கானம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாவு சூடாகி, இட்லி ரப்பர் மாதிரி வந்தது. "மருவாதிக்குச் சொன்னத ஆர்டரா போட்டு வெச்சிருக்குதே அந்தப் புள்ள! என் வாயாலயே என் பொண்ணு குடும்பத்த கவுத்துட்டேனே" என்று வேம்புலியம்மா தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் போட்டே பழகிய மனுஷி மெல்லிய குரலில் அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மதிவதனி அன்றே கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். கடை போட இவள் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் போன் செய்து சொன்னேன். "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் தட்றவங்க. எப்ப மாவாட்டுனீங்க? அத்தையே நல்லா கீதுன்ட்டாங்க" என்று சிரித்தான். துலுக்கானத்தைப் பேசச் சொன்னால், "நான் துன்றவன், எனக்கு இன்னா தெரியும்?" என்று நழுவினார். கடைசியில் வேம்புலியம்மாவே துணிந்து போனைக் கையில் எடுத்தார்.

"மாப்ளே... அந்த கிரைண்டரு..."

"சொல்லுங்க அத்தே."

"அது வந்து... நல்லா கீது மாப்ளே."

போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மரியாதை இருக்க வேண்டியதுதான், அதற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பையா அதில் போட்டு ஆட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவா குட்டியானையோடு எங்கள் தெருவுக்கே வந்து நின்றான். புதுக் கடை வாசலில் ஒலிபரப்ப, வாங்கியவர்களின் கருத்தைப் பதிவு செய்யப்போகிறானாம். முதல் குரல் மாமியாருடையதாக இருக்க வேண்டுமாம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வேம்புலியம்மாவை மதிவதனி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஜீவா பவ்யமாக மைக்கை நீட்டி, "மனசுல பட்டத அப்டியே சொல்லுங்க அத்தே" என்றான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார் வேம்புலியம்மா. "இந்த கிரைண்டரு வந்து... எங்க மாப்ளே கொண்ணாந்து குடுத்தது... அது..."

எதிர்வீட்டுக் கண்ணம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தெருமுனையில் இட்லி விற்றுப் பிழைக்கிறவர். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்துக்கொண்டே, "இழுக்காத வேம்பு. உன்னை நம்பித்தான் வாங்கப் போறேன். எடுக்கலாமா, வேணாமா?" என்றார்.

வேம்புலியம்மா சுருக்குப்பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். மாப்பிள்ளைக்கு முழுசாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் எங்க மாப்ளே கிட்ட பேசல. உன்கிட்டதான் பேசறேன் கண்ணம்மா. வாங்கவே வாங்காத! அது கிரைண்டரா அது? பேய் புடிச்ச மாரி ஆடுது. எங்க ஊட்டுக்காரு கட்டிப் புடிச்சிக்கினு நின்னாரு, கண்ணாலத்தன்னிக்கிகூட என் கைய அப்டி புடிக்கல. அதுல மாவாட்டி வித்தீன்னா இட்லிய எடுத்து உன் தலைலயே அடிப்பானுங்க!"

தெருவே கொல்லென்று சிரித்தது. நான் ஜீவாவைத்தான் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. கிரைண்டர் பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றவன், மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அந்த முட்டை மிஷினு அத்தே?"

"கண்ணம்மா, முட்டை மிஷினும் வேணாம்" என்றார் வேம்புலியம்மா, திரும்பாமலே.

"சப்பாத்தி மிஷினு?"

"அதுல சுட்டத நாய்க்குப் போட்டேன். மோந்து பாத்துட்டுப் போய்க்கினே கீது."

ஒவ்வொன்றாக அவன் கேட்க, அவர் கண்ணம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். நாலைந்து சாமானுக்குப் பிறகு அவன் கேட்கும் குரலிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லதுன்னு ஒண்ணுகூடவா இல்ல?" என்று கெஞ்சினான்.

"ஏன் இல்ல? அந்தக் கரண்டு போனா தானா எரியுற பல்பு கீதே, அது தங்கம். கண்ணம்மா, அத்த கண்ண மூடிக்கினு வாங்கு. பாக்கெட்டு ஒட்ற குட்டி மிஷினும் நல்லது, மசாலாத்தூளு நமுக்காம கீது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பல்புக்கும் ஒட்டும் மிஷினுக்கும் கைகள் நீண்டன. அத்தனையையும் திட்டியவர் இரண்டைப் பாராட்டினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நானே மூன்று பல்பு வாங்கினேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே ஜீவா பூந்தமல்லிக்காரருக்குப் போன் செய்து, வண்டியைக் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். மதிவதனி வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

கூட்டம் கலைந்த பிறகும் வேம்புலியம்மா திரும்பவில்லை. ஜீவா சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றான்.

"இவ்ளோ நாளா என் கிட்ட ஏன் அத்தே சொல்லல?"

"நீங்க மாப்ளே ஆச்சே." அவர் தலை குனிந்தே இருந்தது. "நான் பெத்த புள்ளையா இருந்தா மொத நாளே கிழிச்சிருப்பேன்."

"அப்ப பெத்த புள்ளைன்னே வெச்சுக்க. எனக்கு அம்மா கூட இல்ல. திட்றதுக்கு ஆளு வேணாமா?"

வேம்புலியம்மா நிமிர்ந்து அவனை நேருக்கு நேராகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை என்று மதிவதனி பிறகு சொன்னாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் பூட்டைத் திறந்துகொண்டது.

"மெய்யாலுமா? அப்ப கேட்டுக்கடா. மொதல்ல அந்த மைக்க ஆஃப் பண்ணு. நீ அதுல கத்துறது ஒரு எழவும் புரியல. சட்டைல பொத்தான் ஒண்ணு இல்ல, அதோட நாலு பொம்பளைங்க முன்னாடி வந்து நிக்கிற. காலைல துன்னியா இல்லியா? எலும்பா கீற, என் பொண்ணு சோறு போடறாளா, இல்ல அவளும் 'நல்லா கீது'ன்னு சொல்லிக்கினே கீறாளா?"

ஜீவா மைக்கை அணைத்துவிட்டு, நடுத்தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, திட்டு முழுவதையும் பல்லெல்லாம் தெரியக் கேட்டுக்கொண்டிருந்தான்.