சாகாவரம் போட்டு ஆடியவர்கள்

டிரைவரை எங்கள் அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். முழங்கால் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். கிடங்கையும் இழுத்து மூடினார்கள். ஐம்பத்தொரு வயதில், மச்சான் சிபாரிசில், எங்கள் வீடியோ கேம் கம்பெனிக்கு, விற்குமுன் ஆடிப் பார்த்துக் குறை எழுதும் சோதனை ஆட்டக்காரராக வந்து சேர்ந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் பத்தாவது. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாளாம். இதுவும் போனால் வேறு எவனும் எடுக்கமாட்டான் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஹீரோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடியே அவனை ஓடவிட்டுச் சுடவேண்டும். எங்கள் டைரக்டர் அதைப் பற்றி மணிக்கணக்கில் அளப்பார். வெடிப்பு எப்படி, புகை எப்படி, ஹீரோவின் சட்டை காற்றில் எப்படிப் படபடக்கிறது! அந்தச் சட்டைக்கு மட்டும் மூன்று பேர் ஐந்து மாதம் உழைத்தார்கள். மீதிப் பேர் தலையாட்டினோம்.

இனி எங்கள் லட்சணத்தைச் சொல்கிறேன். சோதனைப் பிரிவில் ஒரு கட்டத்தை நாளைக்குப் பத்துத் தடவை ஆடவேண்டும். நடுவில் செத்தால் திரும்ப முதலிலிருந்து வரவேண்டும், நேரம் வீண். அதற்காக ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அதன் பெயரே சாகாவரம். அமுக்கிவிட்டால் ஆயிரம் குண்டு பட்டாலும் ஹீரோ சாகமாட்டான். முதல் வாரம் அவசரத்துக்கு அமுக்கினோம். அப்புறம் இரண்டு வருஷம் ஒருத்தரும் கையை எடுக்கவில்லை, டைரக்டர் உட்பட. சாவென்றால் என்னவென்றே தெரியாத கூட்டம் ஒன்று கூடி உட்கார்ந்து சண்டை விளையாட்டு செய்துகொண்டிருந்தது. த்தூ!

டிரைவர் மட்டும் அந்தப் பொத்தானைத் தொடமாட்டார். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை செத்துக்கொண்டே இருப்பார். சோதனைப் பிரிவுக்கு நான்தான் தலைவன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் சார், அந்தப் பொத்தானை அமுக்கினா கை தேஞ்சிடுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாங்கறவன் வீட்ல அந்தப் பொத்தான் இருக்குமா தம்பி?" என்றார். "குண்டு வருதேன்னு ஒரு பயம் வேணும். ஒளிஞ்சு, நேரம் பாத்து எட்டி, சுட்டுட்டு, அப்பாடான்னு மூச்சு விடறோம் பாருங்க, அதுலதான் ருசியே. பயமே இல்லன்னா செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரிதான்."

"பயத்துக்கு என்ன குறைச்சல்? நீங்கதான் நாள் முழுக்க சாகறீங்களே."

"சாகலாம், தப்பில்ல. ஆனா செத்தா, அடச்சே, நான்தான் சொதப்பிட்டேன்னு தோணணும். அப்பதான் இன்னொரு தடவை ஆட கை பரபரக்கும். இங்க சுவரோரம் ஒதுங்கினா நம்மாளு முதுகே திரையை அடைச்சுக்குது. எதிரி எங்க நிக்கறான்னே தெரியல. கண்ணாடியை ஒருத்தன் மறைச்சுக்கிட்டு நின்னா நான் பஸ்ஸையே எடுக்கமாட்டேன். பாக்கவே விடாம கொன்னா அது என் தப்பா?"

இதையே நாற்பத்தாறு தடவை புகாராக எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் கீழும் 'ஆட்டக்காரருக்குத் திறமை போதாது' என்று எழுதி மூடியது யார்? நான்தான். ஆள் குறைக்கவேண்டும், யார் ரொம்ப மெதுவாக ஆடுகிறார் என்று டைரக்டர் கேட்டபோது யோசிக்கக்கூட இல்லை, டிரைவரைக் காட்டினேன். அவர் மேஜையைத் துடைத்து, ஹெட்போனைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"நான் எழுதினதை ஒரே ஒரு தடவை ஆடிப் பாத்திருக்கலாம் தம்பி," என்றார். நான் ஃபோனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலாம் நாள் பெரிய மண்டபத்தில் கண்காட்சி. எங்கள் விளையாட்டை ஜனங்கள் முதல்முறையாக ஆடப்போகிறார்கள். நாற்பது கம்ப்யூட்டர், வாசல்வரை வரிசை. விற்பனைக்கு வருவது எதுவோ அதையே வைத்திருந்தோம், அதில் சாகாவரம் கிடையாது. மூன்றாவது நிமிஷம் எல்லோரும் செத்தார்கள். திரும்ப ஆடினார்கள், அதே சுவரோரம் அதே சாவு. பத்தாவது நிமிஷம் பாதி நாற்காலி காலி.

"ஆடத் தெரியாத பசங்க!" என்று டைரக்டர் தானே போய் உட்கார்ந்தார். நாற்பது விநாடி. இல்லாத பொத்தானை அவர் கட்டைவிரல் தடவிக்கொண்டிருக்கும்போதே ஹீரோ மல்லாந்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வெட்கம் மானம் இல்லாமல் டிரைவருக்கே ஃபோன் போட்டார். "வந்து ஆடிக் காட்டுங்க. ஆடக்கூடியதுதான்னு நாலு பேருக்குத் தெரியட்டும். திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடலாம்."

அரை மணியில் வந்தார், தேய்த்த சட்டையோடு. உட்கார்ந்தார். எந்தச் சுவர் கொல்லும், எந்த மூலையில் எவன் நிற்பான் என்று அவருக்கல்லவா தெரியும்! ஒரு குண்டு படவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது, கைதட்டியது, விசிலடித்தது. டைரக்டர் அவர் தோளில் கைபோட்டு, "பாத்தீங்களா!" என்று பல்லிளித்தார்.

கூட்டத்தில் ஒரு பெண், கல்லூரி வயது, கேட்டாள். "நல்ல கேமா அங்கிள் இது? நான் ஏழு தடவை செத்துட்டேன். எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லபோலன்னு நினைச்சேன்."

டிரைவர் டைரக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை. சொல்லித் தொலையுங்களேன் என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"நல்லா இல்லம்மா," என்றார். "எங்கெங்க சாவேன்னு எனக்கு மனப்பாடம், அதான் தப்பிச்சேன். நீ செத்தது உன் தப்பில்ல."

தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டார், எழுந்தார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நடந்து போனார். யாரும் மறிக்கவில்லை. கூப்பிட எனக்கு வாய் இருந்தது, தைரியம் இல்லை.

அடுத்த வாரம் விற்பனையைத் தள்ளிப்போட்டுக் கூட்டம் கூட்டினார் டைரக்டர். வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'செத்தால், என் தப்பு என்று ஆடுகிறவனுக்குத் தோன்றவேண்டும்.' ராத்திரி பகலாக யோசித்துத் தானே கண்டுபிடித்தாராம். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன்.