அத்தையைக் கேட்காமல் நான் சொன்ன பதில்கள்

செல்வி, கார்த்தி, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். சொந்தபந்தங்களும் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். அத்தையின் நினைவு மலருக்கு அவர்களைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். லோடு சீட்டு எழுதிப் பழகிய கை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்லதாக மட்டும் எழுதினால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

அத்தை பிறந்தது ஆனைக்குட்டத்தில். எனக்கு ஆறு வயது மூத்த அக்கா. உங்கள் தாத்தாவும் ஆச்சியும் காட்டில் விவசாயக் கூலி வேலைக்குப் போனவர்கள். மழை இல்லாமல் அது நின்றதும் குடும்பத்தோடு சிவகாசிப் பக்கம் வந்தோம். அத்தை எட்டாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் பட்டாசு வேலைக்குப் போய், என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கம்பெனியின் வெடிமருந்து அறையில் தீப்பிடித்தது. உயிர் தப்பினார்கள். இரண்டு கை விரல்களும் மடங்கி ஒட்டிக்கொண்டன. பேச்சு நடத்திய வீட்டார் பிறகு வரவில்லை. அதைப் பற்றி அத்தை ஒரு நாளும் பேசியதில்லை, நம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மணிக்கட்டில் கரண்டியைக் கட்டிக்கொண்டு அவர்கள் கிண்டிய கேப்பைக் களியைத் தின்றுதான் நீங்கள் வளர்ந்தீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அன்றாடம் எது சிரமம் என்று அவர்களோடு சேர்ந்தே கண்டுபிடித்து, சேர்ந்தே சாமான் செய்து பார்க்கும் ஆராய்ச்சி என்றார்கள். ஒரு பேராசிரியர் அம்மா, ஒரு பிசியோதெரபி தம்பி, இரண்டு என்ஜினியர்கள். கையில் நோட்டும் பேனாவும்.

நம் பக்கம் நோட்டோடு யார் வந்தாலும் என்ன செய்வோம்? வாசலிலேயே மறித்து, உள்ளே இருப்பவர் வாயைத் திறக்குமுன் நாமே பதில் சொல்லி அனுப்பிவிடுவோம். கம்பெனிக்கு இன்ஸ்பெக்சன் வந்தாலும் நான்தான் முன்னால் போய் நிற்பேன். அன்றைக்கும் அப்படியே நின்றேன்.

"அக்காவுக்கு எது ரொம்ப சிரமம்?" என்று அந்த அம்மா அத்தையைப் பார்த்துக் கேட்டார்கள்.

"சாப்பிடுறதுதான் மேடம்," என்றேன் நான்.

இரண்டு மாதத்தில் தடித்த பிடி போட்ட ஒரு கரண்டி வந்தது. அத்தை அதைத் தொடவே இல்லை. மறுபடி வந்து ஏன் என்று கேட்டார்கள்.

"பழகணும்ல மேடம். போகப் போகச் சரியாயிரும்," என்றேன்.

அப்போதுதான் அத்தை, "ஏலே, அவுக உன் கையையா கேக்காக? கொஞ்சம் வெளிய போயி நில்லு," என்றார்கள். சத்தமாகச் சொல்லவில்லை. நான் தெருவில் போய் நின்றேன். வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே அத்தை சிரித்த சத்தம் கேட்டது. எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

வெளியே வந்த என்ஜினியர்கள் நேரே போய்க் குளியலறைக் கதவை அளந்தார்கள். அங்கே என்ன ஆராய்ச்சி என்று சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, அக்காவையே கேளுங்களேன்," என்றார்கள் அந்த அம்மா.

அத்தை சுவரைப் பார்த்தபடி சொன்னார்கள்: "எனக்குத் தாப்பா போட வராதுலே. இம்புட்டு வருசமும் கதவைச் சும்மா சாத்திட்டுத்தான் குளிக்கேன்."

நம் வீட்டுக் குளியலறை நான் பெருமையாகக் கட்டியது. தாழ்ப்பாளைச் சிவகாசியில் நானே பார்த்து வாங்கினேன். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பதினோரு மணிக்கு அத்தை குளிப்பதைப் பார்த்து, "மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு," என்று நான் கேலி செய்ததும், நீங்கள் சிரித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கியே."

அதன் பிறகு மாதம் ஒரு நாள் அத்தை தனியாகவே பஸ் ஏறி, அந்த ஆராய்ச்சிக்காரர்கள் விருதுநகரில் நடத்திய கூட்டத்துக்குப் போனார்கள். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, கைநடுக்கம் உள்ள பெரியவர் ஒருவரும் வருவார். முழங்கையால் தட்டினால் விழும் தாழ்ப்பாள் ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். முதலில் வந்ததைப் பார்த்து, "இது பாத்ரூமுக்கா, பேங்குக்கா?" என்று திருப்பி அனுப்பியது அத்தைதான். இரண்டாவதை அந்தப் பெரியவர், உயரம் கூடுதல் என்று வேண்டாம் என்றார். மூன்றாவதுதான் நம் வீட்டில் இருக்கிறது. மாட்டிய அன்று அத்தை ஒரு மணி நேரம் குளித்தார்கள். 

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அத்தை பார்த்தார்கள். மூடிக்கொண்டேன். அவர்களே சொன்னார்கள். ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்கள்.

உடன் இருந்து பார்த்துக்கொண்ட தெருக்காரப் பெண்களுக்கும், லீவு நாளிலும் வந்து கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கும், அத்தை ஏறி உட்காரும் வரை விசில் கொடுக்காமல் காத்திருந்த கண்டக்டருக்கும், என்னைக் கேட்காமல் அத்தையைக் கேட்ட அந்த அம்மாவுக்கும் நம் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்னும் ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அத்தை தன் வாழ்க்கையை நாலு நாள் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பதிவின் பிரதி ஒன்று குடும்பத்துக்கு வேண்டுமா, அல்லது அத்தை சம்மதித்தபடி ஆராய்ச்சிக்கு மட்டும் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அதில் என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ என்று பத்து நாள் கிடந்து தவித்தேன். ஷிப்டில் ரெண்டு தடவை லோடு எண்ணிக்கை தப்பியது. நமக்கு வேண்டும் என்ற கட்டத்தின் மேலேயே பேனா போய்ப் போய் நின்றது. அத்தை அதை நம்மிடம் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நீங்களும் போய்க் கேட்க வேண்டாம்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், உறையைத் தபால் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் என் கை தானாக அதன் பின்னாலேயே பெட்டி வாய்க்குள் போனது. நாலு விரல்தான் நுழைந்தது. எட்டவில்லை. கையை உருவிக்கொண்டு கம்பெனிக்கு நடந்தேன்.